கிராஞ்சிச் சேறும் அரைப் போத்தல் எண்ணெயும்

சூடு ஆறாத புகைக்குழாயில் சேற்றுத் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை எழும். ஈர மண்ணும் கருகிய புல்லும் கொஞ்சம் பெட்ரோலும் கலந்து, மூக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த நாள்வரை எழுந்திருக்காத வாசனை. மழை பெய்ததும் மண்வாசனை என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும், என்னை விட்டுவிடுங்கள். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை ஞாயிறு தவறாமல் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, கார்நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குந்தியிருந்து அந்த வாசனையை நான் முகர்ந்திருக்கிறேன். மண்வாசனை என்றாலே எனக்கு இன்றும் முழங்கால்தான் வலிக்கிறது.

அந்தச் சேறு அப்பாவின் மோட்டார்சைக்கிளிலிருந்து வந்தது. உயரமாக, ஒல்லியாக, டயர் முழுக்கப் பல் பல்லாக, காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. எங்கள் வீட்டில் அதற்கு "ஸ்கிராம்ளர்" என்று பெயர். அம்மா மட்டும் "உங்கப்பாவோட எருமை" என்பாள். அப்பா மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் நின்று, தலைக்குமேல் கையைத் தூக்கி, ஊரார் ஏறி இறங்கும் கூண்டைச் சரிசெய்கிற மனிதருக்கு ஏழாம் நாள் வெட்டவெளி தேவைப்பட்டிருக்கிறது என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையிலிருந்து மீன் வாங்கி வருகிறார்கள், என் அப்பா கிராஞ்சியிலிருந்து சேறு கொண்டுவருகிறார் என்பதுதான்.

இதற்கு ஒரு கூட்டாளி வேறு. காதர் மாமா அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்தார். கடைச் சரக்கு ஏற்றும் லாரியில் இரண்டு பேருடைய வண்டிகளையும் பலகை போட்டு ஏற்றி, கயிறு கட்டி, கிராஞ்சிக்குக் கொண்டுபோவார்கள். சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று அம்மா கேட்டால், "தார் ரோட்டுல ஓட்டினா டயரு பல்லு தேஞ்சிடும்மா" என்பார் அப்பா. நடந்தால் கால் தேயும் என்று எருமையை லாரியில் ஏற்றிக்கொண்டு போன குடும்பத்தை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? அங்கே ஒரு பூச்செடிப் பண்ணைக்குப் பின்னால் ஆளுயரப் புல் மண்டிய மேட்டுநிலம் இருந்தது. பண்ணைக்காரச் சீனப் பெரியவர் இவர்களை ஒன்றும் சொல்வதில்லை. பலாப்பழப் பருவத்தில் தம் மரத்துப் பழம் ஒன்றிரண்டை லாரியில் தூக்கிப் போட்டும் அனுப்புவார். மேட்டின்மேல் ஏறுவது, மறுபக்கம் சரிவில் இறங்குவது, அடியில் தேங்கிய சேற்றில் தொபுக்கென்று விழுவது, எழுந்து மறுபடி ஏறுவது. நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள் இதையே இரண்டு மூன்று மணி நேரம் செய்துவிட்டு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வந்து இறங்குவார்கள்.

விளையாடியவர்தானே கழுவ வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, ஒன்பது வயதில் ஒருநாள் "அப்பா, ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்சி, முன்னால் உட்கார்ந்து கார்நிறுத்துமிடத்தை ஒரு சுற்று வந்துவிட்டேன். இறங்கியதும் ஒரு பழைய பல்துலக்கியைக் கையில் கொடுத்து, "ஏறுறவங்க கழுவணும் பாப்பா, அதான் ரூலு" என்றார். யார் போட்ட ரூல், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கும் சாமர்த்தியம் ஒன்பது வயதில் இல்லை. மூன்று நிமிடச் சவாரிக்கு நான்கு வருடக் கழுவல். தொடக்கநிலை ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடத்தில்கூட விலக்கு இல்லை. இத்தனைக்கும் அப்பா உலகமகா மறதிக்காரர். குடையை மறப்பார், அடையாள அட்டையை மறப்பார், அம்மாவின் பிறந்தநாளை மறந்துவிட்டு அடுத்த நாள் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவார். "தலையைக் கழட்டி வெச்சா அதையும் எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருவாரு" என்பாள் அம்மா. நான் கழுவ வேண்டும் என்பதை மட்டும் ஒரு ஞாயிறும் அவர் மறந்ததில்லை.

சேற்றைக் கழுவுவதில் என்ன பெரிய சங்கதி, நாலு வாளி ஊற்றினால் போகாதா என்று கேட்கிறவர்கள் கிராஞ்சிச் சேற்றைத் தொட்டுப் பார்க்காதவர்கள். அது களிமண். ஈரத்தில் கொழகொழவென்று கையோடு வரும், காய்ந்துவிட்டால் செங்கல். லாரி வந்து நின்றதும் முதல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பொழுதுக்கும் போராட வேண்டும். "நல்லா ஊற வை, சுரண்டாத, பெயின்ட் போயிடும்" என்ற உபதேசத்தோடு அப்பாவின் பங்கு முடிந்தது. மேலே போய்க் குளித்து, நான்கு தோசையைத் தின்றுவிட்டு, "இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்று சோபாவில் சாய்ந்துவிடுவார். கீழே நான். பெரிய கட்டிகளை வழித்தெடுக்க ஒரு தேய்ந்த மரக்கரண்டி, சக்கரக் கம்பிகளுக்குப் பல்துலக்கி, சங்கிலிக் கண்ணிகளுக்கும் திருகாணிப் பள்ளங்களுக்கும் சாத்தே குச்சி. ஆமாம், இறைச்சி கோத்துச் சுடுகிற அதே குச்சிதான். சாத்தே வாங்கிச் சாப்பிடும் நாட்களில் குச்சிகளைக் கழுவி ரப்பர் போட்டுக் கட்டிவைப்பது என் பொறுப்பு. இந்தக் குச்சி எந்த இடுக்குக்கு ஆகும் என்று யோசித்துக்கொண்டே சாத்தே சாப்பிட்ட பிள்ளை சிங்கப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வெறுப்பானது முன்சக்கரத்தின் நடுவில் இருந்த ஒரு வட்டத் தகடு. இடியாப்பத் தட்டு மாதிரி முழுக்க ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் சேறு அடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் குச்சியால் குத்தித் தள்ள வேண்டும். பின்சக்கரத்தில் அதற்கு ஒரு தம்பித் தட்டு. அவை என்ன, எதற்கு இருக்கின்றன என்று நான் கேட்டதில்லை. கழுவச் சொன்னவரும் சொன்னதில்லை.

தண்ணீர் இன்னொரு கொடுமை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு குழாய் இருந்தது, ஆனால் துப்புரவு ஊழியர் அதற்குப் பூட்டு போட்டிருப்பார். எங்கள் வீடு ஏழாம் மாடி. அந்தக் காலத்து மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தாவதில் நிற்கும், ஒன்பதாவதில் நிற்கும். ஊருக்கெல்லாம் மின்தூக்கி பழுதுபார்க்கிறவரின் மகள் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி படியிறங்கி, மின்தூக்கி பிடித்துக் கீழே போவாள். இப்படி ஏழெட்டு நடை. போகிற வழியெல்லாம் சிந்தும். திரும்பி வரும்போது என் செருப்பிலிருந்து சேறு ஒட்டும். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் ஐந்தாம் மாடி மலாய் அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, "அலாமாக், கோத்தோர் லா!" என்று மூக்கைச் சுளிப்பார். அழுக்குப் பண்ணுகிறாயே என்று அர்த்தம். அழுக்குப் பண்ணியவர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நான் "சாரி மக்சிக், சாரி மக்சிக்" என்று மின்தூக்கித் தரையைத் துடைப்பேன். கடைசியில் வண்டியிலிருந்து ஓடிய மண் "லோங்காங்"கில், அதாவது கால்வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதையும் கோலால் கிளறிவிட வேண்டும். பிழைப்பா இது?

எனக்குப் பதின்மூன்று வயதான வருடம், பலாப்பழப் பருவத்தில் ஒரு ஞாயிறு, பண்ணைக்காரர் ஒரு பழமும் ஒரு முற்றிய காயும் கொடுத்தனுப்பினார். அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, கத்தியிலும் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தாள். வெள்ளைப் பால் வழிந்தது. பசை போன்ற அந்தப் பால் கையில் ஒட்டினால் ஒரு வாரம் போகாது. அம்மா துணியால் ஒரு துடை துடைத்தாள், கை சுத்தமாகிவிட்டது. "எண்ணெய் தடவுனா எதுவும் ஒட்டாதுடி" என்றாள். வண்டியைக் கழுவி முடித்து, நகக்கண்ணில் சேற்றோடு நின்றிருந்த எனக்கு அந்த நிமிடம் ஞானம் பிறந்தது. நான்கு வருடமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அடுத்த சனிக்கிழமை மதியம் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, எண்ணெய்ப் போத்தலையும் ஒரு பழைய பனியன் துணியையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். வண்டிக்கு எண்ணெய்க் குளியல். சக்கரக் கம்பிகள், அடிப்பாகம், சேறு தடுக்கும் தகடு, கால்வைக்கும் கட்டை, ஓர் இடம் விடவில்லை. என் பரம எதிரியான ஓட்டைத் தட்டுகள் இரண்டுக்கும் தனிக் கவனம்: துணியை முக்கி முக்கி, ஒவ்வோர் ஓட்டையிலும் விரலை விட்டு, முன்னும் பின்னும் தடவினேன். பிறகு சொட்டாமல் ஒற்றியெடுத்தேன். வண்டி பளபளவென்று நின்றது. போத்தலில் பாதி தீர்ந்திருந்தது. அதைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். நாளை முதல் ஒரே வாளி, பத்தே நிமிடம் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

ஞாயிறு விடிந்ததும் மழை. மழை என்றால் அப்பாவுக்குக் குஷி, சேறு கூடுதலாகக் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மழை விட்டு, காதர் மாமாவின் லாரி வந்தது. வண்டியைப் பலகைமேல் தள்ளி ஏற்றிய அப்பா, கயிறு கட்டுமுன் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "அட, கண்ணாடியாட்டம் இருக்கே! பாப்பா இந்தத் தடவதான் உருப்படியா கழுவியிருக்கு" என்றார். நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து உதிர்ந்த முதல் பாராட்டு. எண்ணெய் விஷயத்தை நான் சொல்லவில்லை. சேறு ஒட்டாமல் திரும்பி வரும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவர்கள் போய் அரை மணி நேரம் இருக்கும். போன வாரக் காய் பழுத்துவிட்டது என்று அம்மா அதைப் பிளக்க உட்கார்ந்தாள். தண்டைப் பிடிக்க என்னையும் கூப்பிட்டாள். நானும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பெரிய மனுஷியாகக் கத்தியை வாங்கினேன். ஓர் அழுத்து அழுத்தினேன். பிடி கைக்குள்ளேயே வழுக்கி, கத்தி திரும்பிக்கொண்டு, அம்மாவின் கட்டைவிரலுக்கு ஒரு நூல் தள்ளித் தரையில் குத்தியது. "அடிப்பாவி! பிடியைத் துடைச்சிட்டு எடுக்க மாட்டியா? வழுக்காதா அது?" என்று அம்மா கத்தினாள்.

நான் கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஓட்டைத் தட்டின் ஓரத்தில், இடுக்கி மாதிரி ஒன்று அதைக் கவ்விக்கொண்டு இருக்கும். துணி அதற்குள் நுழையாமல் நேற்று மதியம் நான் திட்டியிருந்தேன். என் சைக்கிளில் பிரேக்கை அழுத்தினால் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். கவ்வினால்தான் நிற்கும். நான்கு வருடமாக நான் குச்சியால் குத்திக்கொண்டிருந்தது எது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கையைக்கூடக் கழுவாமல் வரவேற்பறைத் தொலைபேசிக்கு ஓடி அப்பாவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அவர் கைத்தொலைபேசியைச் சேறு படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதைத் துண்டில் சுற்றி, பைக்கட்டின் அடியில் போட்டு, பைக்கட்டை லாரியில் வைத்துவிட்டுத்தான் மேட்டில் ஏறுவார். அவசரத்துக்கு என்று அம்மா வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி அது. மறுபடி அழுத்தினேன். மறுபடி. "யாருக்குடி அடிக்கிற?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். "பிரெண்டுக்கு. ஹோம்வொர்க் கேக்கணும்" என்றேன். வாயைத் திறந்ததும் வந்தது பொய்தான்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. காதர் மாமா கடைக்காரர். கைத்தொலைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர், எந்நேரமும் எடுப்பவர். அவர் எண் அம்மாவின் கைத்தொலைபேசியில் இருந்தது. அம்மா பத்தடி தூரத்தில் இருந்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், எதற்கு என்று கேட்டிருப்பாள், சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். திட்டு விழும், முதுகில் இரண்டு அடி விழும். அதற்குப் பயந்துகொண்டு, இன்னொரு தடவை அடித்துப் பார்ப்போம், இந்தத் தடவை எடுத்துவிடுவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, எண்ணெய் விரலால் அதே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பொத்தான்களெல்லாம் வழவழத்துப்போயின. பத்தரை மணிக்கு மேல், கையை எடுத்த மறுநொடி தொலைபேசி தானாக அடித்தது. "பாப்பா, அம்மா இருக்காங்களா? அம்மாகிட்ட குடும்மா" என்றார் காதர் மாமா. அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மேட்டின் மறுபக்கச் சரிவில் இறங்கும்போது வண்டி நிற்காமல் ஓடி, அடியிலிருந்த வெட்டுமரத்தில் மோதி, அப்பாவைத் தூக்கி எறிந்திருக்கிறது. இடது காறை எலும்பு இரண்டாக முறிந்து, தோள்மூட்டும் விலகியிருந்தது. நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தாதி அவர் முகத்தைத் துடைத்திருந்தார்; காதுக்குள் மட்டும் சேறு அப்படியே இருந்தது. அம்மா கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து, "உங்களுக்கென்ன பன்னெண்டு வயசா? அறிவிருக்கா? எருமை, எருமைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் அவர் காதைத் துடைத்தாள். "மழைல சறுக்கிடுச்சு லா. என் தப்புதான்" என்றார் அப்பா. காதர் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "காதரு, தாகமா இருக்கு, தண்ணி வாங்கிட்டு வா" என்று அப்பா அவரை அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நீ கழுவ வேணாம் பாப்பா" என்றார். நான்கு வருடமாக நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்த வரம் அது. நான் விம்மி விம்மி அழுதேன். அப்பாமேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று தாதி என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வண்டி திரும்பி வரவில்லை. காதர் மாமாவே அதை யாருக்கோ கைமாற்றிவிட்டார். கடைசிச் சேற்றை யார் கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் எலும்பு கூடியது, ஆனால் இடதுகை காதுக்குமேல் எழவில்லை. தலைக்குமேல் கைதூக்க முடியாதவருக்கு மின்தூக்கிக் குழிக்குள் என்ன வேலை? அலுவலகத்தில் புகார் அழைப்புகளை எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். வாழ்நாளில் ஓர் அழைப்பை ஒழுங்காக எடுத்திராத மனிதர், ஓய்வுபெறும்வரை நாள் முழுதும் அழைப்பு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கிடந்தார். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிச் சரிசெய்து ஓடாமல் ஆக்கினார், அம்மாவின் அரிசி டப்பாக்களை அளவு பார்த்து அடுக்கி வைத்தார். "எருமை இருந்தப்பவே தேவலாம் போலிருக்கு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வராது. சொல்லிவிடலாம், அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே பள்ளி முடித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டு பாசிர் ரிஸ்ஸுக்குக் குடிவந்தேன்.

இப்போது அந்த மேட்டுநிலத்தைச் சுற்றித் தகரவேலி போட்டிருக்கிறார்கள். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பூச்செடிப் பண்ணையும் இல்லை, பலாமரமும் இல்லை. தொழிலாளர்களை ஏற்றிய லாரிகள்தாம் போய்வந்துகொண்டிருந்தன. புக்கிட் பாஞ்சாங் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது. இத்தனை வருடம் கழித்து, எனக்கு வாளி தூக்க வேண்டிய அவசியமில்லாதபோது. காதர் மாமாவின் மகன் கடையைத் துணிக்கடையாகவே நடத்துகிறான், ஆனால் லாரி கிடையாது, சரக்கு தானாக வந்து இறங்குகிறதாம். சாத்தே குச்சியை இன்றுவரை நான் குப்பையில் போட யோசிக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேக்காவில் வாங்கிய அரைப் பலாப்பழம் மேசைமேல். அம்மா வரவேற்பறையில் தொடர்நாடகத்தில் மூழ்கியிருந்தாள். என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. சைக்கிளை உருட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தலையைத் தூக்காமலே, "அந்தக் கையோட பிள்ளை சைக்கிள் பிரேக்கைத் தொட்டுடாத" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னப்பா சொன்னீங்க?"

"அதான், பிரேக்குக்கு எண்ணெய் ஆகாது."

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? தேங்காயெண்ணெய் வாசம் மேடு பூராவும் அடிச்சுது. காதரு பிரேக் டிஸ்க்கை விரலால தொட்டுப் பாத்துட்டு, என்னடா, எண்ணெய் தேச்சு வுட்டவங்க தலைவாரிப் பூவும் வெச்சிருக்கலாமேன்னான்."

"இருபத்திரண்டு வருஷம்ப்பா! இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார், கொஞ்சம் யோசித்து. "மறந்துட்டேன் லா."

மறந்துவிட்டாராம்! நான் தூக்கம் கெட்டது எத்தனை நாள், கோயிலில் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டது எத்தனை தடவை, அந்த இடதுகை ஒரு சட்டையை மாட்டத் திணறும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது எவ்வளவு, இந்த மனிதர் குடையை மறப்பது மாதிரி மறந்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பலாப்பழத்தைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மெதுவா பேசு" என்று வரவேற்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எண்ணெய் பாதிப் போத்தல் எங்க போச்சுன்னு அப்ப கேட்டா. முதுகுக்குத் தேச்சேன்னு சொல்லி வெச்சேன். இப்ப போய்ச் சொன்னா அதுக்கும் சேத்துத் திட்டு விழும்."

சொல்ல வேண்டிய பாதி இன்னும் என்னிடம் இருந்தது. எண்ணெய் தெரியாமல் செய்தது; மன்னிக்கலாம். "இல்லப்பா, கேளுங்க" என்றேன். "நீங்க விழறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மா அங்கதான் இருந்தாங்க. சொல்லல. காதர் மாமா நம்பரும் கேக்கல. உங்களுக்கு மட்டும் போன் அடிச்சேன், சும்மா அடிச்சுக்கிட்டே..."

"அதான் தெரியுமே" என்றார் அப்பா, தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்துக்கொண்டு. "பதினாலு தடவ."

அடையாள அட்டையை மறப்பவர், அம்மாவின் பிறந்தநாளை மறப்பவர், என்னிடம் சொல்லவே மறந்துவிட்டவர். அந்தக் கணக்கை நான் எண்ணவே இல்லை. அன்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, துண்டைப் பிரித்து, பிளாஸ்டிக் பையைப் பிரித்து, தவறிய அழைப்புகளை ஒற்றைக் கையால் அவர் எண்ணியிருக்கிறார்.